ஆயில் லைட் மினுக்குது: சென்சார் மாத்தினா போதுமா, எஞ்சின் இறக்கணுமா?

பாம்பன் லோடு
வணக்கம். டீசல் பிக்கப், பி.எஸ்-4, 1,60,000 கி.மீ. தாண்டிருச்சு. தங்கச்சிமடம், பாம்பன்ல இருந்து மதுரைக்கு மீன் லோடு. பரமக்குடி பக்கம் டீக்கடையில நிறுத்தி ஐடில்ல விட்டா ஆயில் பிரஷர் லைட் மினுக்குது. லேசா ரேஸ் கொடுத்தா போயிடும். காலையில ஆறின எஞ்சினை எடுக்கும்போது ஒண்ணும் இல்ல. ஆனா பாம்பன் பாலத்து ஜாயிண்ட்டுல வண்டி குலுங்கும்போதும் பளிச்சுனு ஒரு வெட்டு வெட்டுது.

ஒரு மெக்கானிக் பேரிங் தேஞ்சு பிரஷர் போச்சு, எஞ்சினை இறக்குங்கிறார். இன்னொருத்தர் சென்சார்தான், மாத்துற வரைக்கும் லைட்டைக் கண்டுக்காதேங்கிறார். மீன்பிடித் தடைக்காலம் முடிஞ்சு இப்பதான் லோடு சூடு பிடிக்குது. இந்த நேரத்துல எஞ்சினைப் பிரிச்சுப் போட்டா பொழப்பு கெட்டுடும். யாரு சொல்றதைக் கேக்குறது?

தொண்டி டீசல்
ரெண்டு பேருமே அளந்து பாக்காம சொல்லியிருக்காங்க தம்பி. எதை நம்பினாலும் குருட்டு நம்பிக்கைதான். “கண்டுக்காதே”ன்னு சொன்னவரை மட்டும் இப்பவே மறந்துடு. நெசமாவே பிரஷர் இல்லாம ஓடினா கிராங்க்கைத் தின்னுடும். அதுக்கப்புறம் லைட் எரிஞ்சா என்ன, அணைஞ்சா என்ன.

டிப் ஸ்டிக்ல ஆயில் எங்க நிக்குது? ஊத்தாமலே மட்டம் ஏறியிருக்கா? ஸ்டிக்கை மோந்து பாரு, டீசல் வாடை அடிக்குதா? இன்ஜெக்டர் ஒழுகி டீசல் கலந்தா ஆயில் தண்ணியாயிடும், சூட்டுல பிரஷர் விழும். என்ன கிரேடு ஆயில்? சென்சாருக்கு எத்தனை வயர் வருது?

பாம்பன் லோடு
ஆயில் ரெண்டு கோட்டுக்கும் நடுவுல நிக்குதுண்ணே. மட்டம் ஏறல, டீசல் வாடை இல்ல. 15டபிள்யூ-40 ஊத்தி 4,000 கி.மீ. ஓடியிருக்கும். சென்சார் ஆயில் ஃபில்டருக்குப் பக்கத்துல பிளாக்குல இருக்கு, ஒத்தை வயர். அந்த வயரைச் சொருகுற கப்ளரைச் சுத்தி எண்ணெய்ப் பிசுக்கு, அதுமேல மண்ணு அப்பிக் கிடக்கு.

உச்சிப்புளி ஓனர்
ப்ரோ, சென்சாரே ஐந்நூறு ரூபாய்க்குள்ள வரும். மாத்திப் போட்டுட்டு ஓட்டுங்க. இதுக்குப் போயி இவ்வளவு ஆராய்ச்சியா?

தொண்டி டீசல்
மாத்தின பொறவும் மினுக்குச்சுன்னா? “டூப்ளிகேட் சென்சார் கொடுத்துட்டான்”னு கடைக்காரன்கூட மல்லுக்கட்டிட்டு, அப்படியே மதுரைக்குக் கிளம்பிடுவான். பேரிங் சத்தம் மானாமதுரையில கேக்கும். மாத்த வேண்டாம்னு நான் சொல்லல, முதல்ல அளக்கச் சொல்றேன்.

கீழக்கரை எலெக்ட்ரிக்கல்
ஒத்தை வயர்னா அது சென்சார்னு பேருக்குத்தான், உள்ள இருக்கிறது வெறும் சுவிட்ச். பிரஷர் இல்லாதப்ப வயரை பாடியோட எர்த் பண்ணி லைட்டை எரிய விடும். பிரஷர் வந்ததும் உள்ள இருக்கிற தகடு தள்ளி எர்த்தை வெட்டும். பெரும்பாலும் 0.3 - 0.5 பார் (4 - 7 பி.எஸ்.ஐ.) பிரஷர் தாண்டினாலே லைட் அணைஞ்சிடும். அதாவது லைட் அணைஞ்சிருந்தா பிரஷர் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல, அடியோட போகலைன்னுதான் அர்த்தம்.

இந்த வயர் வழியில எங்க பாடியைத் தொட்டாலும் லைட் எரியும். பாலத்துல குலுங்கும்போது வெட்டுதுன்னு சொன்னீங்களே, அங்கதான் எனக்கு இடிக்குது. பிரஷர் விழுந்தா ஐடில்ல விழணும். நாலாவது கியர்ல போயிட்டிருக்கும்போது விழ வேண்டிய காரணமே இல்ல.

எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் ஆன் பண்ணுங்க. லைட் எரியணும். கப்ளரைக் கழட்டுங்க, அணையணும். கழட்டின வயர் எதையும் தொடாம இருக்கும்போது, வயர் போற வழியெல்லாம் கையால ஆட்டிக்கிட்டே வாங்க, ஒருத்தர் உள்ள உக்காந்து லைட்டைப் பாக்கட்டும். எங்கயாவது மினுக்குச்சுன்னா அந்த இடத்துல காப்பு உரிஞ்சிருக்கு.

மண்டபம் போட்டு மெக்கானிக்
வயரைப் பாத்தாச்சுன்னா அடுத்து கேஜ். அதுக்கு நீ ராமநாதபுரம் வரைக்கும் அலைய வேணாம். விசைப்படகு எஞ்சின் வேலை பாக்குற யார்கிட்ட கேட்டாலும் முள்ளு வச்ச ஆயில் கேஜ் ஒண்ணு கிடக்கும். சுவிட்சைக் கழட்டிட்டு அந்த ஓட்டையில கேஜ் ஓஸை மாட்டு. மரை சேரலைன்னா அடாப்டர் போட்டுக்க, பலவந்தமா திருகாத. பிளாக்குல மரை போச்சுன்னா அது தனி வைத்தியம்.

எஞ்சின் நல்லா சூடேறினதும் பாக்கணும். ஆறின எஞ்சின்ல எல்லாக் கேஜும் நல்லாத்தான் காட்டும். நிமிஷத்துக்கு 1,000 சுத்துன்னா 10 பி.எஸ்.ஐ.ன்னு ஒரு பழைய கணக்கு, அதுக்கு மேல இருந்தா பயம் இல்ல. சரியான அளவு வண்டி மேனுவல்ல இருக்கும். சூட்டோட ஐடில்ல 5, 6ன்னு முள்ளு ஆடிச்சுன்னா பேரிங்னு சொன்ன ஆள் பக்கம் நியாயம் இருக்கு. அப்பவும் உடனே இறக்காத, ஆயில் பம்பையும், பிரஷர் கூடினா திறந்து விடுற ரிலீஃப் வால்வையும் பாத்துட்டு முடிவு பண்ணு.

பாம்பன் லோடு
நேத்து லோடு இல்ல, உக்காந்து பாத்துட்டேன். கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொன்னபடி கப்ளரைக் கழட்டி வயரை ஆட்டினேன். எஞ்சின் மவுண்ட்டுக்கு மேல இருக்கிற கிளாம்ப்கிட்ட வந்ததும் லைட் மினுக்குது! டேப்பைப் பிரிச்சா, காப்பு உரிஞ்சு, செம்புல பச்சைக் களிம்பு. சுத்தி உப்பு வெள்ளையாப் பூத்திருக்கு.

கப்ளருக்குள்ளயும் எண்ணெய் நிக்குது. அந்த ரப்பர் மூடி கிழிஞ்சு எத்தனை நாளாச்சோ.

கேஜும் மாட்டியாச்சு. மண்டபம் வரைக்கும் ஓட்டிட்டு வந்த சூட்டோட ஐடில்ல 20, 2,000 சுத்துல 45 பி.எஸ்.ஐ.

மண்டபம் போட்டு மெக்கானிக்
அப்ப எஞ்சினைத் தொடாத. இறக்கச் சொன்னவர்கிட்ட இந்த ரீடிங்கைக் காட்டு.

உச்சிப்புளி ஓனர்
அப்ப வயருதானே! சென்சாரை ஏன் மாத்தணும்? நானே கட்சி மாறிட்டேன் 😄

கீழக்கரை எலெக்ட்ரிக்கல்
மாத்தித்தான் ஆகணும். கப்ளருக்குள்ள எண்ணெய் வந்துருச்சுன்னா உள்ள இருக்கிற சவ்வு கசியுதுன்னு அர்த்தம். இன்னிக்குக் கசிவு. நாளைக்கு அது மொத்தமா விட்டுச்சுன்னா ஓடுற வண்டியில ஆயில் பீய்ச்சி அடிக்கும்.

பேட்டரி நெகட்டிவைக் கழட்டிடுங்க. எஞ்சின் கை பொறுக்குற சூட்டுல இருக்கட்டும். ஆயிலை வடிக்க வேண்டாம், சுவிட்ச் அடியில ஆயில் நிக்கிற சம்ப்புக்கு மேலதான் இருக்கு, கொஞ்சம்தான் சொட்டும். கீழ ஒரு துணி போதும். கழட்டுறதுக்கு முன்னாடி சுத்தி இருக்கிற மண்ணை பிரஷ்ஷால தட்டி, துணியால துடைங்க. அந்த ஓட்டையில விழுற மணல் நேரா பேரிங்குக்குத்தான் போகும். கச்சான் காத்து அடிக்கிற நாள்ல கடற்கரையில வச்சுத் தயவுசெஞ்சு இந்த வேலையைப் பாக்காதீங்க. ஆழமான பாக்ஸ் ஸ்பேனர் போடுங்க. ஓப்பன் ஸ்பேனர்ல பல்லு வழுக்கும். புதுசை முதல்ல கையாலயே மரை ஏத்துங்க.

பாம்பன் லோடு
டெஃப்லான் டேப் சுத்தலாமா காக்கா?

கீழக்கரை எலெக்ட்ரிக்கல்
வேண்டாம். ஒத்தை வயர் சுவிட்சுக்கு எர்த் கிடைக்கிறதே மரை வழியாத்தான். டேப்பை வளைச்சு வளைச்சுச் சுத்தினா சிலதுல எர்த் போயிடும். அப்ப பிரஷர் போனாலும் லைட் எரியாது, அது இன்னும் ஆபத்து. வாஷர் உக்கார்ற மாடல்னா புது வாஷர் போதும். போகப் போகப் பருக்கிற மரைன்னா முனையில ரெண்டு மரையை விட்டுட்டு மத்ததுல மெல்லிசா த்ரெட் சீலண்ட்.

தொண்டி டீசல்
டேப் சுத்தி நான் எத்தனையோ வண்டி அனுப்பியிருக்கேன், ஒண்ணும் ஆகல. மரை இறுகினா டேப்பை வெட்டிக்கிட்டு எர்த் பிடிச்சிடும். ஆனா பிஞ்ச துண்டு ஆயில் பாதைக்குள்ள போகும்னு வேற காரணம் சொன்னா ஒத்துக்குவேன். எதுவானாலும் மாத்தினதும் சாவியை ஆன் பண்ணி லைட் எரியுதான்னு பாத்துட்டு ஸ்டார்ட் பண்ணு.

பாம்பன் லோடு
மாத்தியாச்சு. உரிஞ்ச இடத்தை வெட்டிப் புது வயர் சேத்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டு, கிளாம்ப்பை விட்டுத் தள்ளிக் கட்டிட்டேன். கப்ளர்ல டைஎலெக்ட்ரிக் கிரீஸ், புது ரப்பர் மூடி. சாவி போட்டா லைட் எரியுது, ஸ்டார்ட் ஆனதும் அணையுது. மதுரை போயிட்டு வந்தாச்சு, பாலத்துலயும் லைட் மினுக்கல. மரைகிட்ட துணி வச்சுத் துடைச்சுப் பாத்தேன், கசிவு இல்ல.

சாயல்குடி ஐஸ்
இதையே நானும் கேக்கணும்னு இருந்தேன். என்னோடது பி.எஸ்-6 வண்டி, சென்சார்ல மூணு வயர் வருது. அதையும் இப்படிக் கழட்டி ஆட்டிப் பாக்கலாமா?

கீழக்கரை எலெக்ட்ரிக்கல்
கூடாது. மூணு வயர்னா அது நெசமான சென்சார். பெரும்பாலும் ஒண்ணுல 5 வோல்ட் வரும், ஒண்ணு எர்த், மூணாவது சிக்னல். எந்த வயரையும் பாடியில தொட்டுப் பாத்துடாதீங்க, அந்த 5 வோல்ட்டை நம்பி வேற சென்சாரும் இருக்கலாம். சாவியை ஆஃப் பண்ணிட்டுக் கப்ளரைக் கழட்டி, திரும்ப ஆன் பண்ணி மல்டிமீட்டர்ல 5 வோல்ட்டும் எர்த்தும் வருதான்னு மட்டும் பாருங்க. ஃபால்ட் கோடு விழுந்தா ஸ்கேனர்ல அழிச்சுக்கலாம்.

இன்னொண்ணு, இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கிற காமன் ரயில் குழாயில இருக்கிற பிரஷர் சென்சாரை இதுன்னு நினைச்சுக் கழட்டிடாதீங்க. ஓட்டத்துல அங்க டீசல் பிரஷர் ஆயிரம் பாருக்கு மேலகூடப் போகும், தோலைத் துளைச்சு உள்ள போயிடும். உங்களோடது பிளாக்குல ஃபில்டர்கிட்ட இருக்கா, மேல ரயில்ல இருக்கா? ஒரு படம் எடுத்துப் போடுங்க.