படுக்கையில் விழுந்தால் செலவுக்கு எது கை கொடுக்கும்: பாலிசியா, வயலா?

கல்லிடை மகன்:
அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 66. இருவரும் கல்லிடைக்குறிச்சியில், நான் ஓசூரில். இப்போது நடமாட்டமாகத்தான் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டு ஆச்சி பக்கவாதத்தில் படுத்ததில் இருந்து எனக்கு யோசனை. நாளைக்குப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கிற செலவுக்கு இப்போதே பாலிசி போடலாமா? இல்லை, வயலில் ஒரு துண்டை விற்று பேங்கில் போடலாமா?

வள்ளியூர் ஏஜென்ட்:
பாலிசிதான் தம்பி. மருத்துவப் பாலிசியில் புதிதாகச் சேர இருந்த 65 வயது உச்சவரம்பை 2024 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். ஏற்கெனவே இருக்கிற நோய்க்குப் பணம் கிடைக்கக் காத்திருப்பு அதிகபட்சம் 3 வருடம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் கிடையாது. வயலைத் தொடாதீர்கள்.

பாளை மயினி:
அண்ணாச்சி, தம்பி கேட்டது ஆஸ்பத்திரிச் செலவு இல்லை, வீட்டுக்கு வந்த பிறகு ஆகிற செலவு. பாலிசி புத்தகத்தில் விலக்குகள் பட்டியலில் 05-ஐப் படியுங்கள். குளிப்பாட்ட, உடுப்பு மாற்ற, பிடித்து நடத்த ஆள் வைத்தால் காசு கிடையாது. நர்ஸ் ஆனாலும் ஆயா ஆனாலும், வீடு ஆனாலும் பராமரிப்பு இல்லம் ஆனாலும் அதே கதைதான்.

என் மாமியாருக்கு ஆஸ்பத்திரி பில்லைப் பாலிசி ஒழுங்காகவே கட்டியது. டிஸ்சார்ஜ் ஆன அன்றுதான் செலவே ஆரம்பித்தது. காற்றுப் படுக்கை வாங்கினோம், ராத்திரி பூரா அதன் மோட்டார் முனங்கிக்கொண்டே இருக்கும். அதில் படுக்கப் போட்டாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும். விட்டால் இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து புண்ணாகிவிடும். டயப்பர், பிசியோ, மூக்குக் குழாய். பார்த்துக்கொள்ள வைத்த ஆளுக்கு மாதம் 18,000, சாப்பாடு தனி. பொங்கலுக்கு ஊருக்குப் போன அந்தப் பிள்ளை திரும்பி வரவே இல்லை.

வள்ளியூர் ஏஜென்ட்:
சரி, ஆள் சம்பளத்துக்குப் பாலிசி வராது. ஆனால் பட்டியலில் உள்ள பெரிய நோய் வந்தால் பணம் தருகிற கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசி இருக்கிறதே? பணம் மொத்தமாகக் கைக்கு வரும், எதற்குச் செலவு செய்தாய் என்று யாரும் கேட்கப் போவதில்லை.

பாளை மயினி:
பக்கவாதம் என்றால் மூன்று மாதம் கழித்தும் பாதிப்பு இருக்கிறது என்று சான்று காட்ட வேண்டும். சும்மா வயதாகித் தளர்ந்து எழுந்திருக்க முடியாமல் போனால்? அது எந்த நோய்ப் பட்டியலிலும் இல்லை. அப்புறம், பல கம்பெனிகளில் 65-க்கு மேல் இதில் சேரவே முடியாது. தம்பி தனக்கு எடுத்து வைக்கலாம், அப்பாவுக்கு இல்லை.

முக்கூடல்காரன்:
எல்லாம் டவுன் பேச்சு. எங்கள் ஊரில் யார் ஆள் வைக்கிறார்கள்? மருமகள் பார்ப்பாள், மகள் பார்ப்பாள். கஞ்சி ஊற்றுவதற்குப் பாலிசியா? வயலை விற்றால் பங்காளி சிரிப்பான்.

பாளை மயினி:
உங்கள் ஊரில் அந்த மருமகள்தானே பீடி சுற்றுகிறாள்? பெரியவரைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தால் பீடித் தட்டை யார் எடுப்பார்? அந்த வாரக் கூலி போவதை ஒருவரும் செலவாக எழுதுவதில்லை. சிரிக்கிற பங்காளி ஒரு ராத்திரி வந்து முழித்திருப்பானா?

பேட்டை ரிட்டயர்ட்:
வங்கியில் இருந்தவன், கணக்கு மட்டும் சொல்கிறேன். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2023 முதல் ஆளுக்கு 30 லட்சம் வரை போடலாம். அந்த வருடம் ஏப்ரலில் வட்டியை 8.2 சதவீதம் ஆக்கினார்கள். 30 லட்சத்துக்கு அந்த வட்டியில் மூன்று மாதத்துக்கு 61,500, மாதக் கணக்கில் 20,500. மயினி சொன்ன சம்பளத்துக்குச் சரியாகும், மருந்துக்கு மிஞ்சாது. ஆள் கூலி வருடா வருடம் ஏறும், போட்ட பணத்துக்கு வட்டி ஏறாது. ஜெர்மனியில் 1995 முதலும் ஜப்பானில் 2000 முதலும் இப்படிப் பார்த்துக்கொள்கிற செலவுக்கென்றே கட்டாயக் காப்பீடு உண்டு. ஜப்பானில் 40 வயதிலேயே சந்தா பிடிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இன்னொன்று. அப்பா பெயரில் மட்டும் டெபாசிட் கிடந்து, அவர் கை விழுந்து போனால், சொந்தப் பணத்தை எடுக்கவே அலைய வேண்டும். இப்போதே கூட்டுக் கணக்காக்கி, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று எழுதி வாங்குங்கள்.

வள்ளியூர் ஏஜென்ட்:
மருத்துவப் பாலிசி இல்லாமல் அந்த 30 லட்சத்தை வைத்திருந்தால் ஐசியுவிலேயே பாதி கரையும். அதையும் எழுதுங்கள் சார்.

பாளை மயினி:
அது நியாயம். ஆஸ்பத்திரிக்குப் பாலிசி எடுக்கட்டும், வீட்டுச் செலவுக்கு வட்டியை நம்பட்டும். மக்களைத் தேடி மருத்துவத்திலும் பெயர் பதியச் சொல்லுங்கள். பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும், பிசியோவும் உண்டு. ராத்திரி புரட்டிப் போட அவர்கள் வர மாட்டார்கள், அவ்வளவுதான்.

கல்லிடை மகன்:
அப்பாவிடம் வயல் பேச்சை எடுத்தேன், மறு பேச்சில்லாமல் எழுந்து போய்விட்டார். கூட்டுக் கணக்குக்கு மட்டும் சரி என்றார். பாலிசி கொட்டேஷன் வாங்குகிறேன். அம்பை, சேரன்மாதேவி பக்கம் நம்பிக்கையாக ஆள் அனுப்புகிறவர்கள் தெரிந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள், மயினி.