13 மி.மீ. டிரைவர் இருந்தால்தான் பேஸ் வருமா? (2,500 ரூபாய் பட்ஸ் பஞ்சாயத்து)

ஒலிப்பித்தன்:
நேத்து பல்லாவரத்துத் தம்பி ஒருத்தர் கேட்டாரு: பட்ஜெட் 2,500, தினமும் தாம்பரம்–பீச் மின்ரயில், கேக்கறது பாதி கச்சேரி, பாதி கானா. எந்த இயர்பட்ஸ் வாங்கலாம்? அதுக்குக் கிண்டிக்காரன் போட்ட பதில் ஒரே வரி: "13 மி.மீ. டிரைவருக்குக் கீழ எதையும் தொடாத, பேஸே வராது." (டிரைவர்னா பட்ஸுக்குள்ள சத்தம் எழுப்பற குட்டி ஸ்பீக்கர், மி.மீ. அதோட விட்டம்; பேஸ்னா கனமான அடிச்சத்தம்.) தம்பியும் நன்றி சொல்லிட்டுப் போயிட்டாரு. படிச்சதுலேர்ந்து எனக்கு வயிறு எரியுது. அட்டைப்பெட்டி மேல பெருசா அச்சடிக்கற நம்பரை அப்படியே அறிவுரையா குடுக்கறதா?

பேஸ் வருமா வராதான்னு முடிவு பண்றது மி.மீ. இல்ல. ரப்பர் டிப் உங்க காது ஓட்டையை அடைக்குதா இல்லையாங்கறதுதான். சோனி டபிள்யூஎஃப்-1000எக்ஸ்எம்4 எடுத்துக்கோங்க. 2021 மாடல், டிரைவர் வெறும் 6 மி.மீ. அதுல பேஸ் இல்லன்னு சொன்ன ஒரு ஆளைக் காட்டுங்க.

கிண்டிக்காரன்:
கிட்டத்தட்ட 20,000 ரூபாய்க்கு வந்த பட்ஸைக் கொண்டாந்து 2,500 கேட்ட பையனுக்கு உதாரணம் காட்டறீங்க. நான் கணக்கு சொல்றேன். 13ஐ 13ஆல பெருக்கினா 169. 10ஐ 10ஆல பெருக்கினா 100. பரப்பு 69 சதவீதம் அதிகம். பரப்பு அதிகம்னா தள்ளற காத்து அதிகம், காத்து அதிகம்னா பேஸ் அதிகம். இது எட்டாங்கிளாஸ் கணக்கு, இதுல என்ன பஞ்சாயத்து?

ஒலிப்பித்தன்:
கணக்கு சரி, இடம் தப்பு. கல்யாண மண்டபத்துல வைக்கற ஸ்பீக்கருக்கு அந்தக் கணக்கு செல்லும், ஏன்னா காத்து நாலா பக்கமும் ஓடிப்போகும். காதுக்குள்ள டிப் அடைச்ச பிறகு மிச்சம் இருக்கற இடம் 2 சிசிகூட இருக்காது. அந்தச் சின்ன அறைல அழுத்தத்தை ஏத்தி இறக்க 6 மி.மீ. தாராளமா போதும். ஓரத்துல மயிரிழை இடைவெளி விழுந்தா முதல்ல ஓடறது பேஸ்தான். பஞ்சரான டியூபுக்குப் பெரிய பம்ப் வாங்கி என்ன பண்ணப் போறீங்க?

காதுக்குள்ள நுழையாம வாசல்லயே தொங்கற அந்தக் கால இயர்போன்ல 14, 15 மி.மீ. டிரைவரெல்லாம் சர்வசாதாரணம். அதுல அடி பேஸ் எங்க வந்துச்சு?

ஒரு நிமிஷ சோதனை இருக்கு. பேஸ் கிட்டார் ஓடற பாட்டைப் போட்டு, விரலால பட்ஸை உள்பக்கமா லேசா அழுத்திப் பாருங்க. சட்டுனு பேஸ் பெருகினா, இவ்வளவு நேரம் கசிஞ்சுக்கிட்டு இருந்துச்சுன்னு அர்த்தம். பெட்டில மூணு ஜோடி டிப் இருக்கும், நடுசைஸ் மாட்டியே வரும், முக்கால்வாசிப் பேர் அதைக் கழட்டறதே இல்ல. பெருசை மாட்டுங்க. மாட்டும்போது இன்னொரு கையால காது மடலை மேல, பின்னால இழுத்துக்கிட்டு, பட்ஸைத் திருகின மாதிரி உள்ள விடுங்க. இடது காதுக்கு ஒரு சைஸ், வலதுக்கு இன்னொண்ணு தேவைப்படலாம், அதுல தப்பே இல்ல.

மார்கழிராகம்:
இருவரும் பேஸ், பேஸ் என்றே பேசுகிறீர்கள். கேட்டவர் கச்சேரியும் கேட்கிறார் என்பது யார் கண்ணிலும் படவில்லையா? ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் பாடகரின் மத்யஸ்தாயி ஸட்ஜம் (நடு ஸ்தாயியின் "ஸ") ஏறக்குறைய 130 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டைப் பெண் குரலுக்கு 196. இன்றைய மலிவு பட்ஸ் எல்லாம் 100 முதல் 250 வரைதான் ஊதிப் பெருக்குகின்றன, அதாவது குரல் வந்து உட்கார வேண்டிய இடத்தையே. குரல் தொண்டையில் துணி சுற்றியது போலாகிறது, தம்பூரா அதன் அடியில் புதைந்துபோகிறது.

மிருதங்கத்தில் கவனியுங்கள். ரவை பூசிய தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) உள்ளங்கையை அழுத்தித் தேய்க்கும்போது கும்கி என்ற ஒலி வழுக்கிக்கொண்டு மேலேறும். பேஸ் ஊதிய பட்ஸில் அந்த வழுக்கல் கேட்காது, ஒரே "தொம்"தான். டிப் சரியாக அடைக்காத பட்ஸிலோ அதுவும் போய் வெறும் "டப்". 13 மி.மீ. இதற்கு என்ன செய்யும்? செயலியில் ஈக்வலைசர் இருந்தால் 200 முதல் 300 வரை 3 டெசிபல் இறக்குங்கள், குரல் முன்னால் வரும். கானாவுக்கு எந்தப் பட்ஸும் போதும், கச்சேரிக்குத்தான் தேடித் தேர்ந்தெடுக்க வேண்டும்.

காசிமேடு கானா:
இன்னாது? கானாவுக்கு எது வேணா போதுமா? அம்மா, நீங்க பெரியவங்க, அதுக்காக இதை வுட முடியாது. பறையை ஒருதபா கிட்ட நின்னு கேட்டிருக்கீங்களா? ஒரு கையில அடிக்குச்சி, இன்னொரு கையில சிண்டுக்குச்சி. அடிக்குச்சி தர்றது உடம்பு, "டண்". மெல்லிசா நீளமா இருக்கற சிண்டுக்குச்சி தர்றது "சட்". அந்த "சட்" மேல் அலைவரிசைல இருக்குது. பேஸை ஏத்தி வெச்ச பட்ஸ்ல மொத அடியோட "டண்" இழுத்துக்கினே போயி, அடுத்து வர்ற "சட்"டை முழுங்கிடும். தாளமே குழம்பிடும். தோல் வாத்தியம் உங்க மிருதங்கம் மட்டும்தானா?

மார்கழிராகம்:
நான் சொன்னது ஒலியின் நுணுக்கத்தைப் பற்றி. இசையைத் தாழ்த்தவில்லை.

காசிமேடு கானா:
தாழ்த்திட்டுத்தான் தாழ்த்தலன்றீங்க. மேல போய்ப் படிங்க, நீங்க எழுதின வரி அங்கியே கீது.

கிண்டிக்காரன்:
சண்டை முடிஞ்சதா? பறைக்கும் பேஸ் வேணும், தொப்பிக்கும் பேஸ் வேணும்னு ரெண்டு பேருமே ஒத்துக்கிட்டீங்க. அப்போ 13 மி.மீ. 169க்கு 100. இதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல. ஏஎன்சியும் (வெளிச்சத்தத்தைக் குறைக்கற வசதி) 50 டெசிபல் இருக்கற மாடலா பாத்து எடுத்தா மின்ரயில் சத்தமே கேக்காது.

ஒலிப்பித்தன்:
பதில் சொல்லியாச்சு, நீங்க படிக்கல. போன மாசம் 65 வாட் சார்ஜர் மாட்டினா போன் எரிஞ்சிடும்னு பயமுறுத்தினதும் நீங்கதான். போன் தனக்கு வேணுங்கறதைத்தான் இழுக்கும்னு பத்து பேர் சொல்லியும் இன்னிக்கு வரைக்கும் அதைத் திருத்தல.

இப்ப ஏஎன்சி. பெட்டில போடற 50 டெசிபல்ங்கறது ஏதோ ஒரு அலைவரிசைல கிடைச்ச உச்சம், எல்லா சத்தத்துக்கும் இல்ல. ஏஎன்சி வேலை செய்யறது பஸ் இன்ஜின் உறுமல், ஏசி இரைச்சல் மாதிரி ஒரே சீரா வர்ற அடிச்சத்தத்துல. ஹாரன், சமோசா விக்கறவர் குரல், பக்கத்து சீட்டு அரட்டை எல்லாம் மேல இருக்கறது. அதை மறைக்கறது மறுபடியும் அந்த ரப்பர் டிப்தான். ஏசி இல்லாத மின்ரயில்ல கதவு திறந்தே இருக்கும். கதவோரமா நின்னா வெளிமைக்ல காத்து அடிச்சு, ஏஎன்சி அதையே "புஸ்ஸு"னு காதுக்குள்ள குடுக்கும். அங்க ஏஎன்சியை அணைச்சாத்தான் நிம்மதி. விலை குறைஞ்ச பட்ஸ் பலதுல ஏஎன்சி போட்டா ஒரு சத்தம், அணைச்சா வேற சத்தம். அதனால வாங்கின அன்னிக்கே ரெண்டுலயும் ஒரே பாட்டைக் கேட்டுப் பாக்கணும்.

ப்ளூடூத்ல பாட்டைத் துல்லியமா அனுப்பற முறைன்னு எல்டேக் எல்டேக்னு ஓடறவங்களுக்கும் சேர்த்தே சொல்லிடறேன். ஐபோன்ல எல்டேக் கிடையாது, ஏஏசி, எஸ்பிசிங்கற முறைங்கதான். ஆண்ட்ராய்டுல எல்டேக் வேகத்தை 990 கேபிபிஎஸ்னு பூட்டி வெச்சா, சென்ட்ரல் மாதிரி வைஃபையும் ப்ளூடூத்தும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ்ல மொய்க்கற இடத்துல விட்டு விட்டுத்தான் கேக்கும். தானா மாறற மாதிரி விட்டா கூட்டத்துல 330க்கு இறங்கிடும். அதுக்காகக் கூட 500 ரூபா குடுக்கறதுக்குப் பதிலா நல்ல டிப் ஒரு செட் வாங்கலாம்.

கிண்டிக்காரன்:
நான் கேட்டது டிரைவர். நீங்க சார்ஜருக்கும் சமோசாவுக்கும் போயிட்டீங்க.

ரிச்சித்தெரு ராஜா:
இவ்ளோ பேச்சு எதுக்கு பாஸ். எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற ரிச்சி தெருவுக்கு வாங்க, 20,000 ரூபா பட்ஸ் 1,800க்குக் கிடைக்குது. 6 மி.மீ.யோ 13 மி.மீ.யோ, பெட்டி சீல் எல்லாம் பக்கா.

ஒலிப்பித்தன்:
1,800க்குக் கிடைக்கறது அந்தப் பெட்டிதான், உள்ள இருக்கறது வேற. போன்ல படம் போட்டு "கனெக்ட்"னு எட்டிப் பாக்கறதை நம்பாதீங்க, டூப்ளிகேட்டும் அதைப் பண்ணும். கம்பெனியோட சொந்தச் செயலில சேருதா, ஃபர்ம்வேர் அப்டேட் ஏறுதான்னு கடைலயே பாருங்க. ஜிஎஸ்டி பில் கேளுங்க. பில் இல்லன்னா வாரன்டியும் இல்ல.

ரிச்சித்தெரு ராஜா:
தெருவையே டூப்ளிகேட்டுன்னு சொல்லாதீங்க. அங்க நேர்மையா தொழில் பண்றவங்க எத்தனையோ பேர் இருக்காங்க.

ஒலிப்பித்தன்:
தெருவைச் சொல்லல, 1,800ஐச் சொன்னேன்.

மார்கழிராகம்:
வயர் இயர்போனை ஏன் ஒருவரும் சொல்லவில்லை? 2,500 ரூபாய் வயர்லெஸ்ஸில் பேட்டரி மூன்று, சார்ஜிங் டப்பா, ப்ளூடூத் சிப், மைக் எல்லாம் போகத்தான் மிச்சக் காசு ஒலிக்கு. வயரில் அந்தச் செலவு எதுவும் இல்லை. மூன்ட்ராப் சூ 2 இந்த பட்ஜெட்டுக்குள் அடங்கும். குரலும் வயலினும் அதில் தெளிவு. அதன் டிரைவர் 10 மி.மீ. என்பதைக் கிண்டிக்காரன் குறித்துக்கொள்ளட்டும்.

கிண்டிக்காரன்:
10 மி.மீ. அதான் பேஸ் கம்மின்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்களே என் பக்கம் வந்துட்டீங்க.

ஒலிப்பித்தன்:
அது குரலுக்காக டியூன் பண்ணது, அதனால கம்மி. அதே 10 மி.மீ.ல பேஸை ஏத்தி டியூன் பண்ண இயர்போனும் கடைல தொங்குது. மி.மீ. மாறல, டியூனிங் மாறுது. இதுக்கு மேல எப்படி உடைச்சுச் சொல்றது?

அம்மா சொன்ன வயர் யோசனை நல்லது. ஆனா புது போன்ல 3.5 மி.மீ. இயர்போன் ஓட்டை இல்லன்னா டைப்-சி டாங்கிள் (மாத்தி இணைக்கற துண்டு வயர்) வாங்கணும். ஆப்பிள் டாங்கிளை ஆண்ட்ராய்டுல செருகினா பல போன்ல சத்தம் ரொம்பக் கம்மியா வரும், அதைத் தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க.

இன்னொண்ணு. நம்ம ஊரு வேர்வை. ஐபிஎக்ஸ்4ன்னா தண்ணி தெறிச்சா தாங்கும்னு மட்டும்தான், உப்பு வேர்வை தினமும் ஊறினா தாங்கும்னு இல்ல. வேர்வையோட டப்பால வெச்சா சார்ஜ் ஏறற பின்ல பச்சை பூத்து, ஒரு பக்கம் மட்டும் சார்ஜ் ஆகாம நிக்கும். துடைச்சுட்டு வைங்க. ஒரு பக்கம் சத்தம் குறைஞ்சா டிரைவர் போச்சுன்னு ஓடாதீங்க, வலைல காது அழுக்குதான் அடைச்சிருக்கும். வலை கீழ் நோக்கி இருக்கற மாதிரிப் பிடிச்சு, காஞ்ச பிரஷ்ஷால தட்டுங்க. ஊசி விடாதீங்க, தண்ணி தொடாதீங்க. ஃபோம் டிப் நல்லா அடைக்கும், ஆனா சித்திரை வெயில்ல வேர்வை குடிச்சுச் சீக்கிரம் தொளதொளன்னு ஆயிடும்.

காசிமேடு கானா:
அம்மா இன்னும் பதில் சொல்லல.

பல்லாவரம் புதுசு:
அண்ணே, நான் நேத்து ராத்திரியே ஆர்டர் போட்டுட்டேன். 13 மி.மீ. டிரைவர், 1,999. நீங்க சொல்ற டிப் எதுவும் பெட்டில இல்லண்ணே. ரப்பரே இல்லாத மாடல், காதுல சும்மா வைக்கறது.

கிண்டிக்காரன்:
நல்ல செலக்‌ஷன் தம்பி.

ஒலிப்பித்தன்:
தம்பி, சீலை உடைக்காதீங்க. முதல்ல ஆர்டர் பக்கத்துல "ரிட்டர்ன்"னு இருக்கா, "ரீப்ளேஸ்மென்ட்" மட்டும்தானான்னு பாருங்க. ரெண்டாவதுன்னா திருப்பி வர்றது அதே மாடல்தான், காசு வராது. இன்னும் கிளம்பலன்னா இப்பவே கேன்சல் பண்ணுங்க. ரப்பர் இல்லாத மாடலைப் போட்டுக்கிட்டு மின்ரயில்ல ஏறினா, வண்டி சத்தத்தை மீறிக் கேக்க வால்யூமை முழுசா ஏத்துவீங்க. 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம், அதுதான் உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்குச் சொல்ற வரம்பு. 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதிப் பாதியா குறையும்.

கிண்டிக்காரன்:
பையனை ஏன் பயமுறுத்தறீங்க? 169க்கு 100, அதுக்கு வாங்க.

மார்கழிராகம்:
காசிமேட்டாருக்கு: "எந்தப் பட்ஸும்" என்ற சொல் வேகத்தில் வந்தது. கச்சேரிக்குத் தேர்வு கடினம் என்ற என் கருத்தில் மாற்றம் இல்லை.

காசிமேடு கானா:
பாருங்க, மறுபடியும் அதேதான்.

ஒலிப்பித்தன்:
கிண்டிக்காரன், அந்த 13 மி.மீ.ல சுத்தி இருக்கற சட்டம் (ஃபிரேம்) எவ்வளவு, அசையற சவ்வு எவ்வளவுன்னு பெட்டில போட்டிருக்கா? பாத்துச் சொல்லுங்க.

கிண்டிக்காரன்:
பெட்டில 13ன்னுதான் போட்டிருக்கு.