பிரிட்டன் ஆர்கெஸ்ட்ராக்களை நேரில் கேட்டவர்கள், கூட வேலை பார்த்தவர்கள் எழுதுங்கள்

2025 மார்ச் 8 அன்று லண்டன் ஈவென்டிம் அப்பல்லோவில் இளையராஜா சாரின் சிம்பொனி அரங்கேறியதிலிருந்து, ஆர்கெஸ்ட்ராவை நேரில் கேட்கணும் என்கிற ஆசை நம்ம ஆட்களுக்கு ரொம்பவே கூடியிருக்கு. கோடையில் அங்கே போகிறவர்கள் எந்த அரங்குக்குப் போகலாம், எங்கே உட்காரலாம், எதைக் கவனிக்கலாம் என்று கேட்கிறார்கள். "அருமையா இருந்துச்சு" என்று மட்டும் எழுதாமல், விவரம் தெரிந்தவர்கள் விவரமாகவே எழுதுங்கள்.

* * *

முதலில் அரங்கைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். அப்பல்லோ 1932-ல் சினிமா தியேட்டராகக் கட்டிய இடம். அந்த மாதிரி அரங்கில் ஒலி சீக்கிரம் அடங்கிவிடும். பேச்சுக்கும் ராக் கச்சேரிக்கும் அது நல்லது, வயலின் கூட்டத்துக்குப் போதாது. அதனால் அங்கே பெரும்பாலும் மைக் வைத்துத்தான் ஆகணும், நாம் கேட்பது ஸ்பீக்கர் வழியாக வருகிற ஒலி. மைக்கே இல்லாமல் 80 பேர் சேர்ந்து வாசிப்பது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் ப்ராம்ஸ் என்கிற கோடைக்கால இசை விழாவுக்குப் போங்கள்.

ப்ராம்ஸ் 1895-ல் க்வீன்ஸ் ஹாலில் தொடங்கியது. 1941-ல் குண்டு விழுந்து அந்த அரங்கு எரிந்துபோனதும் ராயல் ஆல்பர்ட் ஹாலுக்கு மாறியது. ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை நடக்கும். நின்று கேட்கிற டிக்கெட் 2024-ல் 8 பவுண்டுதான். அது கச்சேரி நாளன்று காலையில் இணையத்தில் வரும், பெரிய பெயர்கள் என்றால் சீக்கிரமே தீர்ந்துவிடும். நிற்க இரண்டு இடம் உண்டு: மேடைக்கு நேர் முன்னால் தரைத்தளத்தில் அரீனா, உச்சியில் அரங்கைச் சுற்றி ஓடும் கேலரி.

என்னைக் கேட்டால் அரீனாதான். காரணம் இருக்கு. கூரை 41 மீட்டர் உயரம். ஒலி மேலே போய்த் திரும்ப 80 மீட்டருக்கு மேல் பயணம் செய்யணும். நொடிக்கு 343 மீட்டர் வேகத்தில் அது கிட்டத்தட்ட கால் நொடி. இருபதில் ஒரு நொடிக்கு மேல் தாமதமானாலே காது அதைத் தனி எதிரொலியாகப் பிடித்துவிடும். 1871-ல் திறந்த நாளிலிருந்தே இந்த அரங்குக்கு இந்தத் தொல்லை இருந்தது. 1969-ல் கூரையிலிருந்து தொங்கவிட்ட ஃபைபர்கிளாஸ் 'காளான்கள்' அதைப் பெரிதும் குறைத்தன. முதலில் 135 இருந்தன, இப்போது 85. தலையைத் தூக்கினால் தெரியும். அரீனாவில் முதல் பத்து வரிசைக்குள் நின்றால் மேடையிலிருந்து நேராக வரும் ஒலியே ஓங்கி நிற்கும். செல்லோவில் வில் நரம்பைக் கடிக்கிற சத்தம்கூடக் கேட்கும். கேலரியில் அது கரைந்துவிடும். ஆனால் கோரஸும் ஆர்கனும் சேர்ந்து எழும்பும்போது கேலரிக்கு ஈடு இல்லை, அதையும் சொல்லணும்.

இரண்டு மணி நேரம் நிற்கணும். முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் கேலரிக்கே போங்கள், அங்கே தரையில் உட்காரலாம், படுத்தும் கேட்கலாம்.

* * *

மேலே எழுதியவர் லண்டனோடு நிறுத்திவிட்டார். ஒலிக்காகவே போவதென்றால் பர்மிங்ஹாம் சிம்பொனி ஹாலை விடக் கூடாது. 1991-ல் திறந்தது. மேடைக்கு மேலே ஏற்றி இறக்கக்கூடிய கூரைத்தட்டு இருக்கு. அரங்கைச் சுற்றி வெற்று அறைகள், அவற்றுக்குக் கனத்த கான்கிரீட் கதவுகள். கதவைத் திறந்தால் ஒலி அந்த அறைகளுக்குள் போய்ச் சுற்றி மெதுவாகத் திரும்பும், மூடினால் சுருக்கென்று நிற்கும். பெரிய கோரஸ் கச்சேரிக்குத் திறப்பார்கள், ஜாஸுக்கும் பேச்சுக்கும் மூடுவார்கள். மான்செஸ்டரில் ஹாலே ஆர்கெஸ்ட்ரா வாசிக்கும் பிரிட்ஜ்வாட்டர் ஹால் (1996) முழுக் கட்டடமும் ஸ்பிரிங்குகள் மேல் நிற்கிறது. வெளியே டிராம் ஓடும் அதிர்வு உள்ளே வராது. மெல்லிய பியானிசிமோவின் அருமை அங்கேதான் புரியும்.

ஒரு எச்சரிக்கை. மேடைக்குப் பின்னால் இருக்கும் கோரஸ் இருக்கைகள் மலிவு, கண்டக்டரின் முகமும் தெரியும். ஆனால் ஹார்ன் வாத்தியத்தின் வாய் பின்பக்கம் பார்த்திருக்கும், அத்தனை ஒலியும் உங்கள் மேல்தான் விழும். டிம்பனி என்கிற பெரிய முரசும் பக்கத்திலேயே. பாடகர் இருக்கும் கச்சேரிக்கு அந்த இருக்கையை வாங்கவே வாங்காதீர்கள். மனிதக் குரல் முன்பக்கம் போகிற ஒன்று. பின்னால் உட்கார்ந்தால் மெய்யெழுத்தெல்லாம் காணாமல் போய் வெறும் உயிரெழுத்துதான் வந்து சேரும்.

* * *

ஒரு சின்ன சந்தேகம். கச்சேரி ஆரம்பத்தில் எல்லோரும் ஓபோ என்கிற குழல் வாத்தியத்தைப் பார்த்துச் சுருதி சேர்க்கிறார்களே, ஏன்?

* * *

ஓபோவின் ஒலி மெலிந்து கூர்மையாக இருக்கும், கூட்டத்துக்கு நடுவிலும் தனியாகக் காதில் விழும். நின்ற இடத்திலேயே சுருதியை நிறைய நகர்த்தவும் அதற்கு முடியாது. அதனால் மற்றவர்கள் அதோடு சேர்ந்துகொள்கிறார்கள். பிரிட்டனில் ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ். பரோக் என்கிற 17, 18-ம் நூற்றாண்டு இசையைப் பழைய வாத்தியங்களில் வாசிக்கிற குழுக்கள் பெரும்பாலும் 415 வைப்பார்கள், ஏறக்குறைய அரைச்சுரம் கீழே. மேடையில் பியானோ இருந்தால் அதுதான் ராஜா, ஓபோவும் அதைத்தான் கேட்டுக்கொள்ளும்.

* * *

ரெக்கார்டிங் பக்கம் யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன்.

லண்டன் ஸ்டூடியோக்களை உலகமே தேடி வருவதற்கு அங்குள்ள வாத்தியக்காரர்கள் நோட்டைப் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பதுதான் பெரிய காரணம். அதற்கு ஒரு வரலாறும் இருக்கு. ஒத்திகைக்கு ஒருவர், கச்சேரிக்கு இன்னொருவர் என்று பதிலாள் அனுப்பும் வழக்கத்தை ப்ராம்ஸ் கண்டக்டர் ஹென்றி வுட் தடை செய்ததும், கோபித்துக்கொண்டு வெளியேறியவர்கள் 1904-ல் தொடங்கியதுதான் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா. இன்றும் அது வாத்தியக்காரர்களே நடத்தும் குழு.

ஒரு செஷன் என்பது 3 மணி நேரம், நடுவில் இடைவேளை. வாசிப்பவர்கள் பல நேரம் நோட்டை முதல் தடவையாக அங்கேதான் பார்ப்பார்கள். ஆகவே காகிதத்தில் இருக்கிற சின்னக் குறைகூடக் காசு. பக்கம் புரட்டும் இடத்தில் இரண்டு மூன்று பார் (தாளச் சுற்று) இடைவெளி விட்டு எழுதணும். இல்லாவிட்டால் காகிதச் சத்தம் மைக்கில் ஏறும். ஒரு ஸ்டாண்டுக்கு இரண்டு வயலின்காரர்கள். உள்பக்கம் இருப்பவர் புரட்டும் நேரத்தில் பாதி வயலின் நின்றுபோகும்.

முக்கிய மைக் அமைப்பு டெக்கா ட்ரீ. கண்டக்டர் தலைக்கு மேலே, தரையிலிருந்து சுமார் 3 மீட்டர் உயரத்தில் மூன்று ஆம்னி மைக் (எல்லாத் திசை ஒலியையும் பிடிப்பது): இடது வலது சுமார் 2 மீட்டர் இடைவெளியில், நடு மைக் ஒன்றரை மீட்டர் முன்னால் தள்ளி. ஆர்கெஸ்ட்ராவின் உண்மையான படம் இதில்தான் வரும். உட்விண்ட் (குழல் வாத்தியங்கள்), ஹார்ப் பக்கத்தில் வைக்கும் ஸ்பாட் மைக் துணைக்கு மட்டும். பின்வரிசை ட்ரீயிலிருந்து 10 மீட்டர் தள்ளி இருந்தால் அதன் ஒலி 29 மில்லி செகண்ட் பிந்தி வரும். ஸ்பாட் மைக்கை அந்த அளவுக்குத் தாமதப்படுத்தாமல் கலந்தால் கிளாரினெட் திடீரென்று முன்னால் குதித்த மாதிரி இருக்கும். புதியவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

இன்னொன்று கிளிக், அதாவது தாளம் காட்டும் டிக் டிக் ஒலி. படத்தோடு சேரணும் என்பதால் ஒரு காதில் மட்டும் ஹெட்போன், மற்ற காது பக்கத்து ஆளுக்கு. அத்தனை ஹெட்போன்களிலிருந்தும் டிக் டிக் கசிந்து கடைசி நீண்ட சுரம் அடங்கும்போது மைக்கில் கேட்டுவிடும். அதனால் கடைசிச் சுரத்தைத் தொட்டதுமே கிளிக்கை இறக்கிவிடுவார்கள், முடிக்கும் சைகை கண்டக்டர் கையில்தான்.

* * *

ராக், பாப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணா. பீட்டில்ஸ் 1966-ல் எட்டு பேர் கொண்ட தந்திவாத்தியக் குழுவை வைத்து எலினோர் ரிக்பி பாட்டைப் பதிவு செய்தபோது, ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக் மைக்கை நரம்புக்கு மிக அருகே கொண்டுபோனார். வாசித்தவர்கள் நெளிந்து நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டே இருந்தார்களாம். தள்ளி இருந்தால் மறைந்துபோகும் வில்லின் உராய்வு முழுக்க அதில் பதிவாகியிருக்கு. இன்று அந்தக் கரகரப்புக்காகவே அதைப் பாடமாகக் கேட்கிறார்கள்.

மேடையில் கதை வேறு. 1969 செப்டம்பர் 24 அன்று டீப் பர்ப்பிள் குழுவும் ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவும் ஆல்பர்ட் ஹாலில் சேர்ந்து வாசித்தார்கள். ஜான் லார்ட் எழுதியது, மால்கம் அர்னால்ட் நடத்தினார். ஒரு டிரம் செட் போடுகிற சத்தத்துக்கு முன் முப்பது வயலின் நிற்காது. வயலின் மைக்கை ஏற்றினால் அதே மைக்கில் டிரம்மும் சேர்ந்து ஏறும். இன்று டிரம்மைச் சுற்றிப் பிளாஸ்டிக் தடுப்பு, ஒவ்வொரு வயலினிலும் கிளிப் மைக், மேடை ஸ்பீக்கருக்குப் பதில் காதுக்குள் மானிட்டர் (இயர்போன்) என்று சமாளிக்கிறார்கள். கிளிப் மைக்கில் வயலின் கொஞ்சம் மெலிந்துதான் ஒலிக்கும், அதற்கு வழியில்லை. இந்த வகைக் கச்சேரிக்குப் போனால் மிக்சிங் மேசைக்குப் பக்கத்து இருக்கை வாங்குங்கள். ஒலியை அளந்து வைப்பதே அந்த இடத்துக்குத்தான்.

* * *

பித்தளை வாத்தியக் குழுக்களை யாருமே தொடவில்லையே! வடக்கு இங்கிலாந்தின் உயிர் அதில்தான் இருக்கு. பிளாக் டைக் ஆலையையும், கிரைம்தார்ப் நிலக்கரிச் சுரங்கத்தையும் ஒட்டி வளர்ந்த குழுக்கள். தொழிலாளிகள் வாசித்து வளர்த்த இசை.

அமைப்பு கிட்டத்தட்ட மாறாது. ட்ரம்பெட் மாதிரியான கார்னெட் 10 (அதில் ஒன்று மேல்சுருதியில் ஒலிக்கும் சோப்ரானோ), ஃப்ளூகல் 1, டெனர் ஹார்ன் 3, பாரிட்டோன் 2, யூஃபோனியம் 2, டிராம்போன் 3, பாஸ் (டியூபா) 4. மொத்தம் 25, கூடத் தாளவாத்தியம். பாஸ் டிராம்போன் தவிர எல்லோருக்கும் ட்ரெபிள் கிளெஃப் என்கிற ஒரே குறியீட்டு முறையிலேயே நோட்டு எழுதுவார்கள். டிராம்போன் நீங்கலாக விரல் வைக்கும் முறையும் எல்லாவற்றிலும் ஒன்றே. கார்னெட் வாசித்தவர் வாய் வலு குறைந்ததும் ஹார்னுக்கோ பாஸுக்கோ மாறலாம், நோட்டை மறுபடி கற்க வேண்டாம். ஊருக்கு ஊர் குழு நிலைத்து நிற்க இதுவும் ஒரு காரணம்.

கேட்க நல்ல நாள் விட் ஃப்ரைடே, பெந்தெகொஸ்தே ஞாயிறுக்கு அடுத்த வெள்ளி. மான்செஸ்டருக்குக் கிழக்கே சாடில்வொர்த் கிராமங்களில் போட்டி, கேட்கக் கட்டணம் இல்லை. குழு ஒரு மார்ச் வாசித்தபடி தெருவில் நடந்து வரும், பிறகு நின்று இன்னொன்று வாசிக்கும். நடுவர் திரை போட்ட கேரவனுக்குள் இருப்பார், எந்தக் குழு என்று அவருக்குத் தெரியாது. முடித்ததும் பஸ் ஏறி அடுத்த ஊர்.

சாயங்காலம் குளிர ஆரம்பித்ததும் காது கொடுங்கள். காற்று ஒரு டிகிரி செல்சியஸ் குளிர்ந்தால் சுருதி சுமார் 3 சென்ட் இறங்கும் (அரைச்சுரத்துக்கு 100 சென்ட்). மூச்சு படும் சின்னக் கார்னெட் சீக்கிரம் சூடாகும், நீளக் குழாய் கொண்ட பாஸ் சூடாகாது. மேலும் கீழும் விலகுவது இப்படித்தான். அதனால்தான் காத்திருக்கும்போது சத்தமில்லாமல் வாத்தியத்துக்குள் ஊதிக்கொண்டே இருப்பார்கள், மவுத்பீஸைப் பையில் வைத்துக் கதகதப்பாக வைத்திருப்பார்கள். மழை வந்தாலும் போட்டி நிற்காது, குடையைவிட மழைக்கோட்டு நல்லது. குடை பின்னால் நிற்பவருக்கு மறைக்கும்.

ரயிலில் வருபவர்கள் கிரீன்ஃபீல்டில் இறங்கணும், சாடில்வொர்த்துக்கு அது ஒன்றுதான் ஸ்டேஷன். அன்று தெருக்களை மூடிவிடுவதால் கார் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்ற முடியாது. அப்பர்மில், டாப்கிராஸ், டெல்ஃப் மூன்றும் நடக்கிற தூரம்தான். கடைசி ரயில் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், வாசிப்பு முடிய இரவு வெகுநேரமாகும்.