நைஜீரியாவின் கடன் தள்ளுபடி: ஒகோன்ஜோ இவேலா செய்தது என்ன?

வைகை மாணவி:
மதுரையில் எங்கள் கல்லூரிப் பொருளியல் மன்றத்தில் என்கோசி ஒகோன்ஜோ இவேலா பற்றிப் பேச வேண்டும். உலக வர்த்தக அமைப்பின் தலைமைக்கு 2021இல் வந்த முதல் பெண், முதல் ஆப்பிரிக்கர் என்பதோடு நம் பத்திரிகைகள் நிறுத்திவிடுகின்றன. 2005இல் நைஜீரிய நிதியமைச்சராக இருந்து 1,800 கோடி டாலர் கடனைத் தள்ளுபடி செய்ய வைத்தாராம். எண்ணெய் விற்கும் நாட்டுக்கு எப்படிக் கிடைத்தது?

மாசி வீதிக் கணக்கர்:
சரியான கேள்வி, தங்கச்சி. கடன் கொடுத்த நாட்டு அரசுகளின் குழுவான பாரிஸ் கிளப்பில், நேப்பிள்ஸ் விதிமுறைப்படி 67 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும். ஆனால் அது உலக வங்கியின் ஐ.டி.ஏ. சலுகைக் கடன் மட்டுமே பெறத் தகுதியுள்ள ஏழை நாடுகளுக்குத்தான். நைஜீரியா அந்த வகையில் இல்லை. 2005இல் அந்த வகைக்கு மாற்ற வைத்தார்கள். அது இல்லாவிட்டால் பேச்சே தொடங்கியிருக்காது.

அடுத்த தடை ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) திட்டம். அது இருந்தால்தான் பாரிஸ் கிளப் பேசும். அங்கே கடன் வாங்குவதை நைஜீரிய மக்கள் ஏற்க மாட்டார்கள். அதனால் பணம் வாங்காமல் கொள்கைகளை மட்டும் ஐ.எம்.எஃப். பரிசீலிக்கும் புதிய ஏற்பாட்டில் சேர்ந்தார்கள்.

2005 அக்டோபரில் ஒப்பந்தம். கடன் சுமார் 3,000 கோடி டாலர். முதலில் தவணை தவறிய பாக்கி முழுவதையும் கட்ட வேண்டும். கட்டியதும் 33 சதவீதம் தள்ளுபடி. ஐ.எம்.எஃப்.பின் முதல் பரிசீலனை தேறியபின் இன்னொரு 34 சதவீதம். மிச்சத்தைக் கழிவு விலையில் நைஜீரியாவே திரும்ப வாங்கியது. 2006 ஏப்ரலில் கணக்கு முடிந்தது. கட்டியது சுமார் 1,240 கோடி டாலர். வெறும் ‘தள்ளுபடி’ என்று பேசிவிடாதே.

திருமங்கலத்தார்:
அந்த 1,240 கோடி எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளம்மா, அதில்தான் அவருடைய உழைப்பு இருக்கிறது. 2004 பட்ஜெட்டில் எண்ணெய் விலையைப் பீப்பாய்க்கு 25 டாலர் என்றே வைத்தார்கள். சந்தையில் அதற்கு மேல் கிடைத்தது தனிக் கணக்குக்குப் போனது. பலவீனமும் அங்கேதான். அரசியலமைப்பின் 162ஆம் பிரிவுப்படி கூட்டாட்சி வருமானம் மாநிலங்களுக்கும் பங்கிடப்பட வேண்டும். தனிக் கணக்குக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. மாநிலங்களை ஆளும் ஆளுநர்கள் (நம் முதல்வர்கள் போல) பங்கு கேட்டார்கள், பணம் கரைந்தது. 2011இல்தான் சட்டத்தோடு, உபரியைச் சேமித்து முதலீடு செய்யும் அரசு நிதி (இறையாண்மை முதலீட்டு நிதி) வந்தது, தொடக்கம் 100 கோடி டாலர்.

இன்னொன்று: மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் மாதந்தோறும் போன தொகையைச் செய்தித்தாள்களில் அச்சிட வைத்தார். உசிலம்பட்டிப் பக்கம் கிராமசபையில் வரவு செலவைச் சத்தமாக வாசித்தால் என்ன நடக்குமோ, அதே விளைவு. இதுதான் அவர் செய்ததிலேயே பெரியது என்பேன்.

வைகை மாணவி:
மிக்க நன்றி, அண்ணா, ஐயா. 2006இல் ஏன் போனார்?

மாசி வீதிக் கணக்கர்:
ஜூனில் அதிபர் ஒபசாஞ்சோ அவரை வெளியுறவுக்கு மாற்றினார், ஆகஸ்டில் விலகினார். 2011இல் அதிபர் குட்லக் ஜோனதன் காலத்தில் மீண்டும் நிதியமைச்சர். தோல்வியையும் சொல்: 2012 ஜனவரி 1 அன்று பெட்ரோல் மானியத்தை ஒரேயடியாக எடுத்தார்கள். லிட்டர் 65 நைரா (நைஜீரிய நாணயம்) என்றிருந்த விலை 140ஐத் தாண்டியது, நாடெங்கும் வேலைநிறுத்தம், இரண்டே வாரத்தில் 97க்கு இறங்க வேண்டியதாயிற்று. மாற்று உதவி மக்கள் கைக்குப் போகுமுன் விலையை ஏற்றியதே தவறு.