மறு: ‘சிங்க்’: ஒத்திசைவா, ஒத்திசைப்பா?

நண்பர்களே, வணக்கம்.

மென்பொருள் தமிழாக்கத்தில் ‘சிங்க்’ (sync, இரு கருவிகளில் உள்ள தகவல்களை ஒன்றுபோல ஆக்குவது) என்பதற்கு ஒத்திசைவு, ஒத்திசைப்பு இரண்டில் எதையாவது ஒன்றைத் தேர்ந்து எல்லா இடத்திலும் போட்டுவிடலாம் என்ற யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டும் வேறு வேறு சொற்கள். அகராதியே அதைச் சொல்கிறது.

சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியில் ‘இசை’யைத் தேடிப் பாருங்கள். ‘இசை-தல்’ தனிப் பதிவு, ‘இசை-த்தல்’ தனிப் பதிவு. அந்த ஒற்றைத் ‘த்’தைத்தான் நாம் கவனிக்க வேண்டும். பக்கத்தில் உள்ள 4, 11 என்ற எண்கள் வினை எப்படித் திரியும் என்பதைக் காட்டுகின்றன: இசைகிறது, இசைந்தது ஒரு வகை, இசைக்கிறது, இசைத்தது இன்னொரு வகை. க்ரியா அகராதியிலும் தலைச்சொல்லை அடுத்து ‘இசைய, இசைந்து’, ‘இசைக்க, இசைத்து’ என்று அடைப்புக்குள் இருக்கும். பொருளுக்குத் தாவும் அவசரத்தில் பலரும் இதைப் படிப்பதே இல்லை.

பெயர்ச்சொல்லும் வினையின் வழியேதான் வருகிறது. அழிந்தால் அழிவு, அழித்தால் அழிப்பு. சிதைந்தால் சிதைவு, சிதைத்தால் சிதைப்பு. எல்லாச் சொல்லும் இப்படி நிற்பதில்லை என்பதும் உண்மை. ‘அமைப்பு’ இன்று நிலையையும் குறிக்கிறது. ஆனால் புதிதாக ஒரு சொல்லை நிறுத்தும்போது, மொழியில் ஏற்கெனவே உள்ள வேறுபாட்டை நாமே ஏன் அழிக்க வேண்டும்?

ஆகவே செயலி செய்கிற வேலை ஒத்திசைப்பு. அதனால் கிடைக்கும் நிலை ஒத்திசைவு. பொத்தானில் சிக்கலே இல்லை, ஏவலுக்கு ‘ஒத்திசை’ என்ற ஒரே வடிவம்தான். சிக்கல், என்ன நடக்கிறது என்று திரையில் காட்டும் நிலைச்செய்திகளில்தான் வருகிறது. என் பரிந்துரை (‘தொடர்புகள்’ என்பது கருவியில் சேமித்துள்ள பெயர், எண் பட்டியல்):

‘தொடர்புகளை ஒத்திசைக்கிறது…’
‘ஒத்திசைக்க முடியவில்லை’
‘கடைசி ஒத்திசைப்பு: நேற்று’
‘இரு கருவிகளும் ஒத்திசைவில் உள்ளன’

இப்போதைய மொழிபெயர்ப்புக் கோப்பில் ‘தொடர்புகள் ஒத்திசைக்கின்றன’ என்று இருக்கிறது. தொடர்புகள் எதை ஒத்திசைக்கின்றன? ‘தொடர்புகள்’ எழுவாயாகவே இருக்க வேண்டுமென்றால் ‘ஒத்திசைகின்றன’ என்று எழுதலாம், அதுவும் சரி.

‘ஒத்திசைப்பு என்றால் கச்சேரி நினைவு வருகிறது’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். ஒத்திசைவிலும் அதே இசைதானே இருக்கிறது! பயன்பாட்டில் அந்தத் தயக்கம் தானாகப் போய்விடும்.

இதே கண்ணோடு ‘இணைகிறது / இணைக்கிறது’, ‘பதிவிறங்குகிறது / பதிவிறக்குகிறது’ இரண்டையும் பார்க்க வேண்டும். வைஃபை திரையில் மட்டும் மூன்று விதமாக வருகிறது. அப்புறம், மறுப்பு உள்ளவர்கள் எந்தச் செய்திக்கு எந்த வடிவம் என்று வாக்கியத்தோடு எழுதுங்கள். தனிச்சொல்லை வைத்துக்கொண்டு இதை முடிவு செய்ய முடியாது.