சிங்கப்பூரில் அரசாங்கத்தை எதிர்த்துப் பேசியவர்களை நேரில் கண்டதுண்டா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அன்சன்காரர்:

நானே தொடங்குகிறேன். என் அப்பா துறைமுகத் தொழிலாளி. 1981 அக்டோபரில் எங்கள் அன்சன் தொகுதியில் நாடாளுமன்ற இடைத்தேர்தல் நடந்தபோது எனக்கு ஒன்பது வயது. யாருக்கு வாக்களித்தார் என்பதை அப்பா அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. ஜே.பி. ஜெயரத்தினம் வென்றார் என்ற செய்தி வந்த இரவில் சன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திவிட்டு, அதன்பிறகுதான் சிரித்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவர், விடுதலைக்குப் பிந்திய சிங்கப்பூரில் தேர்தலில் வென்ற முதல் எதிர்க்கட்சிக்காரர் ஆகியிருந்தார்.

இருபது ஆண்டுகள் கழித்து அதே மனிதரை எம்ஆர்டி ரயில் நிலைய வாயிலில் பார்த்தேன். வெண்ணிறக் கிருதா, கையில் தாம் எழுதிய புத்தகங்கள். நின்றபடியே விற்றுக்கொண்டிருந்தார். அவதூறு வழக்குகளின் இழப்பீட்டுத் தொகைகள் 2001இல் அவரைத் திவாலாக்கியிருந்தன. நாடாளுமன்ற இடமும் பறிபோயிருந்தது. அவற்றில் ஒரு வழக்கு நம் மொழியோடு தொடர்புடையது. தமிழ் மொழி வார ஏற்பாட்டாளர்களைக் குறைகூறி 1995இல் அவருடைய கட்சி ஏட்டில் வந்த தமிழ்க் கட்டுரைதான் காரணம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு எரிகிறது.

நான் அரசாங்க ஊழியன். இரண்டு முறை அவரைப் பார்க்காததுபோல் கடந்து போனேன். மூன்றாம் முறைதான் வாங்கினேன். அப்பா அந்தப் புத்தகத்தைப் பூசை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தார். 2008 செப்டம்பர் 30ஆம் தேதி ஜெயரத்தினம் இறந்தபோது, செய்தியை நாளிதழிலிருந்து வெட்டி அதற்குள் செருகினார். அப்போதும் யாருக்கு வாக்களித்தார் என்று சொல்லவில்லை.

தேக்கா கடைக்காரி:

அண்ணன், உங்கள் அப்பாவைப்போல் எங்கள் வீட்டில் யாரும் இல்லை. எங்களுடையது அரசாங்கம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிய வீடு. அதற்குக் காரணமும் உண்டு. என் சின்ன மாமா ஹெராயினால் செத்தவர். பாட்டியின் தாலிக்கொடியையே விற்றவர். போதைப்பொருள் கடத்துகிறவனைத் தூக்கில் போடத்தான் வேண்டும் என்பது எங்களுக்கு வேதவாக்கு.

நான் ஆயத்த ஆடைக் கடையில் வேலை செய்கிறேன். சில ஆண்டுகளுக்குமுன் ஒரு மாலை, மலேசியத் தமிழ் பேசிய தாயும் மகளும் வந்தார்கள். ஆண்கள் சட்டை, நல்ல நிறமாக வேண்டும் என்றார்கள். என்ன அளவு என்று கேட்டேன். தாய் விழித்தார்.

"பிடிபட்டபோது கழுத்துக்குப் பதினைந்தரை போட்டான். இப்போது தெரியவில்லையம்மா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துதான் பார்க்கிறேன். மெலிந்தானா தடித்தானா என்று தொட்டால்தானே தெரியும்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்களோடு வந்திருந்த ஒரு சீனப் பெண் தணிந்த குரலில் விளக்கினார். தூக்குத் தேதி குறித்தபிறகு, குடும்பத்தார் கொண்டுபோகும் உடைகளை உடுத்தவைத்துச் சிறையில் படம் எடுப்பார்களாம். வீட்டுக்கு வந்து சேரும் கடைசிப் படங்கள் அவைதாம். அந்தப் பெண் உறவுக்காரி அல்லர். மரண தண்டனையை எதிர்த்துப் பேசும் தன்னார்வலர்களில் ஒருவர். தங்குமிடம், மனு, டாக்சி என்று அந்தக் குடும்பத்துக்காக நாள் முழுதும் அலைந்திருந்தார். செருப்பு வார் அறுந்து ஊக்குப் போட்டிருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

தாய் என் மேசைமேல் சட்டையை விரித்துத் தோளைச் சாண் போட்டு அளந்தார். ஒரு முறை, மறுபடி ஒரு முறை. மாமா செத்தபின் அவருடைய சட்டையைப் பாட்டி மடித்து மடித்துப் பிரிப்பார், அதே விரல்கள். அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை, உள்ளே போய்விட்டேன். நீல நிறத்தை எடுத்தார்கள். காசு வேண்டாம் என்றேன், மகள் கேட்கவில்லை.

மாமாவைக் கொன்ற பொருள்மேல் எனக்குள்ள வெறுப்பு துளியும் குறையவில்லை. ஆனால் அந்த வேதவாக்கை நான் திரும்பச் சொன்னதில்லை. வீட்டில் தூக்குப் பேச்சு வந்தால் அந்தச் சட்டையைப் பற்றிச் சொல்கிறேன். அக்காள் கணவர் இன்றுவரை என்னோடு வாதிடுகிறார். வாதிடட்டும்.

ஈப்போ பெண்:

அக்கா, எங்கள் பக்கம் தஞ்சோங் ரம்புத்தானைச் சேர்ந்தவர் நாகேந்திரன். 2009இல் மலேசியாவிலிருந்து சிங்கப்பூருக்குள் நுழையும் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் தொடையில் கட்டிய 42.72 கிராம் ஹெராயினோடு பிடிபட்டபோது வயது 21. அறிவுத்திறன் அளவு (ஐ.கியூ.) 69, சராசரியைவிட மிகக் குறைவு. செய்வதை அறிந்தே செய்தார் என்று நீதிமன்றம் முடிவுசெய்தது. 15 கிராமைத் தாண்டினால் கட்டாய மரண தண்டனை. வெறும் சுமைகூலியாக இருந்து, புலனாய்வுக்குப் பெரிதும் உதவினார் என்று அரசுத் தரப்பு சான்று கொடுத்தால் ஆயுள் தண்டனைக்கு வழியுண்டு என 2013இல் சட்டம் தளர்ந்தது. சொல்வதற்கு ஒன்றுமே தெரியாத கடைநிலைக் கூலி என்ன சொல்லி அந்தச் சான்றைப் பெறுவான்? எனக்கு இன்றுவரை விடை தெரியவில்லை.

2022 ஏப்ரல் 25ஆம் தேதி மாலை ஹோங் லிம் பூங்காவில் அவருக்காக மெழுகுவத்தி ஏற்றினார்கள். அங்கே நடக்கும் கூட்டங்களில் சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே கலந்துகொள்ளலாம். வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் நான், அவருடைய ஊர்க்காரி, சாலைக்கு இந்தப் பக்கம் நின்றேன். சிங்கப்பூரர்கள் பலர், பெரும்பாலும் இளையவர்கள், ஒரு தமிழனுக்காகப் புல்தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் கலைந்ததும் ஒரு பெண்மணி சாலையைக் கடந்து வந்து, அணைந்த மெழுகுவத்தியை என் கையில் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நின்றார். இவர்கள்தாம் பிறகு காவல்துறை விசாரணைக்கும் பொஃப்மா என்னும் பொய்ச்செய்தித் தடுப்புச் சட்டத்தின் திருத்த ஆணைகளுக்கும் முகம் கொடுக்கிறவர்கள்.

மறுநாள் தாயின் கடைசி மனு தள்ளுபடியானது. கண்ணாடித் தடுப்பின் இடைவெளியில் மகனின் கையைப் பிடித்துக்கொள்ள விட்டார்கள். "மா" என்று அவர் கதறியது நீதிமன்றம் முழுதும் கேட்டதாகச் செய்தியில் வந்தது. 27ஆம் தேதி தூக்கிலிட்டார்கள். சிறையில் கவிதை எழுதிய பன்னீர் செல்வமும் ஈப்போதான். அவரை 2025 அக்டோபர் 8ஆம் தேதி தூக்கிலிட்டார்கள்.

மெழுகுவத்தி என்னிடம்தான் இருக்கிறது. அக்கா, அந்தச் சட்டை அளவாக இருந்ததா?

தேக்கா கடைக்காரி:

ஆறு மாதம் கழித்து மகள் மட்டும் வந்தார், படத்தைக் காட்டினார். தோள்பட்டை கொஞ்சம் தளர்வாக இருந்தது. கைகளை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தார்.