கஞ்சா பிஸ்கட் தின்றவனுக்கு மட்டும் ஏன் அப்படி ஆனது?

கவிதா, புக்கிட் மெர்த்தாஜம்

எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தாலே சண்டையில் முடிகிறது, அதனால் இங்கே கேட்கிறேன்.

என் சித்தி மகனுக்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை. 2023இல் கூட்டாளிகளோடு தாய்லாந்தின் ஹாட்யாய் போனான். அப்போது அங்கே தெருவுக்குத் தெரு பச்சை இலை போட்ட கடை. கூட வந்த இருவரும் கடையிலேயே உட்கார்ந்து புகைத்தார்கள். இவனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா, புகை ஆகாது. அதனால் பிஸ்கட் வாங்கித் தின்றான். முக்கால் மணி நேரம் ஆகியும் ஒன்றும் தெரியவில்லை. 'ஏமாற்றிவிட்டான்' என்று சொல்லிக்கொண்டே இன்னொன்றையும் தின்றுவிட்டு, எல்லாரும் தொம்யாம் குடிக்கப் போயிருக்கிறார்கள். சூப் மேசைக்கு வந்த நேரம் பார்த்து ஏறியிருக்கிறது.

நெஞ்சு படபடவென்று அடித்ததாம். தான் சாகப்போவதாகவே நம்பிவிட்டான். மணி என்ன, மணி என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தானாம். எழுந்து நின்றால் தலை சுற்றல், அப்புறம் வாந்தி. மறுநாள் மத்தியானம் வரை படுக்கை. புகைத்த இரண்டு பேரும் ராத்திரி பத்து மணிக்கெல்லாம் தெளிந்து சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

என் மாமா சொல்வது வேறு. புகைதான் நெஞ்சைக் கெடுக்கும், தின்பது மருந்து மாதிரி, அந்தக் காலத்தில் தோட்டத்தில் கிழவர்கள் சிவராத்திரிக்கு இலையை அரைத்துப் பாலில் குடித்தார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்கிறார். பையனோ மறுபடியும் ஒரு பயணத்துக்குத் திட்டம் போடுகிறான், 'இந்தத் தடவை ஒரு துண்டு மட்டும்' என்கிறான். போதாக்குறைக்கு என் மாமியார், முட்டி வலிக்கு அங்கேயிருந்து கஞ்சா எண்ணெய்த் துளி வாங்கிவரச் சொல்லி அவனிடம் கேட்டிருக்கிறார். அவர் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்.

ஒரே செடிதானே? தின்றால் ஒரு மாதிரி, புகைத்தால் ஒரு மாதிரி உடம்பில் வேலை செய்யுமா?

ரவி, செந்தூல்

இரண்டும் ஒன்றுதான் கவிதா. தின்றால் மெதுவாக ஏறும், புகைத்தால் உடனே ஏறும், அவ்வளவுதான் வித்தியாசம். உங்கள் தம்பி இரண்டு தின்றான், அளவு மீறிவிட்டது. இதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை.

பழைய எம்.ஏ., ஆயர் ஈத்தாம்

ரவி சொன்னதில் பாதி சரி, மீதிப் பாதிதான் ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறது. நான் அவசரப் பிரிவில் மருத்துவ உதவியாளராக (எம்.ஏ.) இருந்து ஓய்வு பெற்றவன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள்.

முதலில் புகை. நுரையீரலில் மெல்லிய ரத்தக் குழாய்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. இழுத்த புகையிலிருந்து, கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி. அங்கேயே ரத்தத்தில் கலந்து, இதயத்துக்குப் போய், அங்கிருந்து மூளைக்குப் போய்விடும். நடுவில் கல்லீரல் இல்லை. பத்து நிமிடத்துக்குள் ரத்தத்தில் அதன் அளவு உச்சத்துக்குப் போய், அப்புறம் சரசரவென்று இறங்கத் தொடங்கும். இரண்டு மூன்று மணி நேரத்தில் பெரும்பாலும் தெளிந்துவிடுவார்கள். இதில் ஒரு வசதி, இழுக்கிறவனுக்குத் தன் நிலைமை அப்போதே தெரியும். போதும் என்று தோன்றினால் நிறுத்திக்கொள்வான்.

தின்றது அப்படிப் போவதில்லை. குடலில் உறிஞ்சப்படுவது எல்லாம் முதலில் கல்லீரல் என்ற சோதனைச் சாவடியைத் தாண்டித்தான் உடம்புக்குள் போக வேண்டும். கல்லீரல் டி.எச்.சி.யில் பெரும் பங்கை அங்கேயே பிடித்து உருமாற்றிவிடுகிறது. தின்றதில் நூற்றுக்கு 4 முதல் 12 பங்குதான் டி.எச்.சி.யாகவே ரத்தத்தில் சேரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். புகைத்தால் 10 முதல் 35 வரை. இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் தின்றவனுக்குத்தான் குறைவாக ஏற வேண்டும், இல்லையா?

சங்கதி இங்கேதான் இருக்கிறது. கல்லீரல் அதை மாற்றும்போது 11-ஹைட்ராக்சி டி.எச்.சி. என்ற பொருள் உண்டாகிறது. அதுவும் போதை தருவதுதான். மூளைக்குள் சுலபமாக நுழையும், வீரியத்தில் மூலப்பொருளுக்குக் கொஞ்சமும் இளைத்ததில்லை. புகைத்தால் இது சொற்பமாகத்தான் உண்டாகும். தின்றால் நிறைய உண்டாகும். ஆக, உங்கள் தம்பியின் மூளைக்குப் போனதும் கூட்டாளிகளின் மூளைக்குப் போனதும் ஒரே கலவை இல்லை. டி.எச்.சி.யை 1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்குலமும் யெகியேல் காவோனியும் பிரித்தெடுத்தார்கள். கல்லீரல் செய்யும் இந்த வேலை அதற்குப் பிறகுதான் தெரியவந்தது. தோட்டத்துக் கிழவர்களைக் கேட்டிருந்தால் தின்றது வேறு, இழுத்தது வேறு என்று அனுபவத்திலேயே சொல்லியிருப்பார்கள்.

அடுத்தது நேரம். தின்றது வேலை செய்ய அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஆகும். உச்சத்துக்குப் போக இரண்டு முதல் நான்கு மணி நேரம். முழுசாக இறங்க எட்டு மணி நேரம், சிலருக்கு அதற்கும் மேல். வயிற்றில் வேறு சாப்பாடு இருந்தால் இந்தக் கணக்கும் மாறும். கவிதாவின் தம்பி முக்கால் மணியில் இரண்டாவதைத் தின்றானே, அப்போது முதல் பிஸ்கட்டே இன்னும் கல்லீரலைத் தாண்டியிருக்காது. அப்புறம் இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறியிருக்கிறது. அவசரப் பிரிவுக்கு வருகிற பெரியவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

அப்படி வந்த ஒருவரை இப்போதும் நினைவிருக்கிறது. நாற்பது வயசு இருக்கும், லாரி ஓட்டுகிற திடமான உடம்பு. கட்டிலின் பக்கக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார். நாடி 130. கண் செக்கச்செவேல். நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டி, பேசினால் 'சப் சப்' என்று சத்தம். உட்கார வைத்தால் ரத்த அழுத்தம் விழுகிறது. மனைவி மாரடைப்பு என்று அழுகிறார். ஈசிஜி எடுத்தோம், வேகம் தவிர வேறு கோளாறு இல்லை. தம்பிக்காரன் என்னைத் தனியே கூப்பிட்டு, 'அண்ணே, ஒரு கேக் தின்னார்' என்று காதில் சொன்ன பிறகுதான் எங்களுக்கு மூச்சே வந்தது.

இதற்கு முறிவு மருந்து கிடையாது. வெளிச்சம் குறைந்த மூலையில் படுக்க வைத்து, டிரிப் ஏற்றி, 'இது இறங்கிவிடும்' என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். பயம் ரொம்ப மிஞ்சினால் டாக்டர் தூக்கத்துக்கு ஏதாவது கொடுப்பார். மூச்சு மெதுவானால், நெஞ்சு வலித்தால், வலிப்பு வந்தால், எழுப்பினாலும் எழாவிட்டால் அவசர எண் 999தான், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று தொண்டையில் விரல் விடாதீர்கள். அரை மயக்கத்தில் இருப்பவருக்கு அது மூச்சுக்குழாயில் போய்விடும். சின்னப் பிள்ளை தெரியாமல் தின்றிருந்தால், ஒரு கடி என்றாலும் நேராக ஆஸ்பத்திரி. பெரியவருக்குப் படபடப்பைத் தருகிற அளவு பிள்ளையின் மூச்சையே அமுக்கிவிடும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், என்ன தின்றார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் தலைக்கு ஸ்கேன், முதுகில் ஊசி என்று தேவையில்லாததெல்லாம் நடக்கும். நச்சுப் பொருள் விஷயத்தில் டாக்டர்களே ஆலோசனை கேட்கிற தேசிய நச்சு மையம் நம் பினாங்கில்தான் இருக்கிறது, யூ.எஸ்.எம். பல்கலைக்கழக வளாகத்தில்.

ரவி, செந்தூல்

சரி அங்கிள், கல்லீரல் விஷயம் எனக்குப் புதுசு. அப்படிப் பார்த்தால் புகைப்பதுதான் மேல் என்று ஆகிறதே?

பழைய எம்.ஏ., ஆயர் ஈத்தாம்

நான் எங்கே தம்பி அப்படிச் சொன்னேன்? எரிகிற எந்த இலையிலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் உண்டு. நாள் தவறாமல் இழுப்பவனுக்கு நாள்பட்ட இருமல், சளி, மார்பில் விசில் சத்தம் எல்லாம் வரும். ஆஸ்துமாக்காரன் புகையைத் தொடவே கூடாது, அந்த அளவில் கவிதாவின் தம்பி விலகியது சரி. இதயம் வேகமாக அடிப்பது இரண்டிலும் உண்டு. அடைப்பு உள்ளவர்களுக்கு இரண்டுமே ஆபத்து. வருஷக்கணக்கில் அடிக்கடி எடுப்பவர்களுக்கு விடாத வாந்தி நோய் ஒன்று வரும். சுடுதண்ணீரில் குளித்தால்தான் அடங்குகிறது என்று குளியலறையை விட்டு வரமாட்டார்கள். அது புகைப்பவர்களிடம் அதிகம். கெடுதல் இரண்டிலும் இருக்கிறது, எந்த உறுப்பில், எந்த வேகத்தில் என்பதுதான் வேறு.

ஜார்ஜ்டவுன் வாசகன்

மாமாவின் சிவராத்திரிக் கதைக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் கிழவர்கள் குடித்தது இலை, பையன் தின்றது பெரும்பாலும் சாறு இறக்கிச் செய்தது. செடியில் சத்து சேர்வது பெண் பூவிலும் அதன் பிசினிலும். இலையில் குறைவு. 1893-94இல் பிரிட்டிஷ் இந்திய அரசு அமைத்த கஞ்சாச் செடிப் போதைப்பொருள் ஆணையம்கூட பாங்கு (இலை), கஞ்சா (பூ), சரஸ் (பிசின்) என்று மூன்றாகத்தான் பிரித்துப் பேசியது. இந்தியாவின் 1985 போதைப்பொருள் சட்டத்திலும் பூக்கும் நுனி சேராத இலையும் விதையும் 'கஞ்சா' என்ற வரையறைக்குள் வராது. பாங்கு அங்கே பிழைத்திருப்பது இதனால்தான்.

இன்னொன்று, பச்சை இலையில் இருப்பது டி.எச்.சி. அல்ல, அதன் அமில வடிவம். அதற்குப் போதை கிடையாது. சூடு பட்டுத்தான் டி.எச்.சி. ஆகிறது. பாலில் போட்டதும் விஷயம் தெரிந்துதான், அது கொழுப்பில் கரையும், தண்ணீரில் கரையாது. ஆனால் பாலில் போட்டாலும் கல்லீரல் சும்மா விடாது. ஹோலி, சிவராத்திரி முடிந்த மறுநாள் வட இந்திய ஆஸ்பத்திரிகளில் பாங்கு குடித்து வருகிறவர்கள் எப்போதும் உண்டு. மாமாவின் தோட்டத்திலும் யாராவது இரண்டு நாள் படுத்திருப்பார், அதைக் கதையில் சேர்க்க மறந்திருப்பார்கள்.

மருந்துக்கடை அக்கா, பிரிக்பீல்ட்ஸ்

எம்.ஏ. அண்ணன் நன்றாகச் சொல்லிவிட்டார். 'ஒரு துண்டு மட்டும்' பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன். அமெரிக்காவின் கொலராடோவில் சட்டப்படி விற்கும் தின்பண்டத்தில் ஒரு பங்குக்கு 10 மில்லிகிராம் டி.எச்.சி. என்று கட்டுப்பாடு உண்டு. பழக்கமில்லாத பலருக்கு அதுவே அதிகம். அப்படிக் கணக்காக விற்கிற ஊரிலேயே, டென்வர் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் 2012 முதல் 2016 வரையான பதிவுகளை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். விற்ற டி.எச்.சி.யில் தின்பண்டத்தின் பங்கு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, கஞ்சாவால் அவசரப் பிரிவுக்கு வந்தவர்களிலோ ஏறக்குறைய பத்தில் ஒருவர் தின்றவர். பீதி, மனக்குழப்பம் என்று வந்தது தின்றவர்களிடம்தான் அதிகம். வீட்டில் பிசைந்து சுட்டதில் ஒரு மூலைத் துண்டில் ஒன்றுமே இருக்காது, அடுத்த துண்டில் எல்லாம் சேர்ந்திருக்கும். அதில் 'ஒன்று' என்பது அளவே இல்லை.

வேலை இடத்துச் சிறுநீர்ச் சோதனை பற்றிக் கவிதா கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் தேடுவது போதைப்பொருளையே அல்ல, கல்லீரல் கடைசியாக ஆக்கி வெளியே அனுப்பும் கார்பாக்சி டி.எச்.சி.யை. அது தின்றாலும் வரும், புகைத்தாலும் வரும். கொழுப்பில் தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவதால் ஒருமுறை எடுத்தவனுக்குச் சில நாள், தினமும் எடுப்பவனுக்குச் சில வாரம்கூடத் தெரியும். தெளிந்துவிட்டது என்பதும் உடம்பை விட்டுப் போய்விட்டது என்பதும் ஒன்றல்ல.

சட்டமும் வாயா மூக்கா என்று பார்ப்பதில்லை. மலேசியாவின் 1952 அபாயகர மருந்துகள் சட்டத்தில் உட்கொண்டதற்குப் பிரிவு 15, ஐயாயிரம் வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டு வருஷம் வரை சிறை. மீந்த பிஸ்கட்டைப் பையில் வைத்து புக்கிட் காயு ஈத்தாம் எல்லைச் சாவடி வழியாக வந்தால் கதை இன்னும் பெரிது. தாய்லாந்திலும் 2022 ஜூனில் திறந்துவிட்டதை 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு இருந்தால்தான் என்று இறுக்கிவிட்டார்கள்.

கவிதா, புக்கிட் மெர்த்தாஜம்

ரொம்ப நன்றி. அங்கிள் எழுதியதை அப்படியே தம்பிக்கு அனுப்பினேன், 'சூப் நேரம் வரை கரெக்டாகச் சொல்கிறாரே' என்று பதில் போட்டான். மாமா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. மாமியார் விஷயத்துக்கு மட்டும் யாராவது சொல்லுங்கள், நாளைக்கே பணம் கொடுத்துவிடுவார்.

மருந்துக்கடை அக்கா, பிரிக்பீல்ட்ஸ்

கொடுக்க விடாதீர்கள். வார்ஃபரினை உடைத்து வெளியேற்றும் அதே கல்லீரல் நொதிதான், சி.ஒய்.பி.2சி9, டி.எச்.சி.யையும் உடைக்கிறது. எண்ணெயில் இருக்கும் கன்னாபிடியால் (சி.பி.டி.) என்ற பொருள் அந்த நொதியின் வேலையைத் தடுக்கும். வார்ஃபரின் ரத்தத்தில் தேங்கி, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு ஏறி, ரத்தம் கசியத் தொடங்கலாம். நாக்குக்கடியில் விட்டாலும் பாதிக்கு மேல் விழுங்கத்தானே போகிறார்? அந்த வயதில் நள்ளிரவில் கழிவறைக்கு எழுந்து தலை சுற்றி விழுந்தால், வார்ஃபரின் உள்ள உடம்பில் தலைக்குள் ரத்தம் கசியலாம்.

முட்டி வலிக்கு அவராகவே வலி மாத்திரை வாங்குகிறாரா என்பதையும் பாருங்கள். டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபன் எல்லாம் வார்ஃபரினோடு சேரக் கூடாது. அடுத்த தடவை ஐ.என்.ஆர். பார்க்கப் போகும்போது அவர் சாப்பிடுகிற எல்லாவற்றையும், ஜாமு என்ற மலாய் மூலிகை மருந்து, லேகியம், கால்வலித் தைலம் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மேசையில் கொட்டிக் காட்டினால் மருந்தாளுநரே பிரித்துச் சொல்லிவிடுவார்.